கோயில் கிடைக்காத விடத்தர்

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல்லால் வட்டமாகக் கட்டியது. மூலவர் பெயரோ பாலைவனநாதர். களஞ்சியம் கட்டி நெல் சேர்த்த ஊரில் பாலைவனம் எப்படி வந்தது? இங்கே பாலை என்பது மரம். பாலைவனம் என்றால் பாலை மரங்கள் அடர்ந்த காடு, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் இப்படிக் காட்டுப் பெயர் தாங்கிய கோயில்கள் நிறைய. பஞ்ச ஆரண்யத் தலங்கள் என்று ஐந்தைச் சேர்த்தே சொல்வார்கள்: திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம். காடு வயலாகிவிட்டது, பெயரைச் சாமி காப்பாற்றி வைத்திருக்கிறார்.

அப்படிக் காப்பாற்றப்படாத ஒரு காட்டுச் செடியின் பெயர் விடத்தர். அதற்குக் கோயில் இல்லை, வனமும் இல்லை. அதைக் காப்பாற்றியது ஒரு பாட்டு. பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 1904-இல் பதிற்றுப்பத்தை அச்சிட்டார். அதன் இரண்டாம் பத்து, குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடியது. பதின்மூன்றாம் பாட்டில் சேரனின் பகைவர் நாடு வருகிறது. மீனும் பூவுமாய்ச் செழித்திருந்த மருத நிலம் பாழாகிறது. கரும்புக் கழனி பொலிவிழக்கிறது. அந்த இடத்தில் விடத்தரும் உடைமரமும் ஓங்கி நிற்கின்றன. பேய் நடமாட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்தச் செடி இந்த விடத்தர்? பழைய இலக்கியத்துத் தாவரங்களைக் கண்டுபிடிப்பதில் பாதித் தொல்லை, புலவர்கள் பூவை மட்டும் பாடிவிட்டுப் போவது. மஞ்சள் பூ என்றால் நூறு செடி முன்னால் வந்து நிற்கும். கண்ணனார் பூவைத் தொடவில்லை. காயைச் சொன்னார், அதுவும் முறுக்கிய காய் என்று. அந்த ஒரு சொல் போதும். புதுக்கோட்டைச் செம்மண் சீமையில், முட்புதர்களுக்கு நடுவே, மெலிந்த பழுப்புக் காய்கள் ஒன்றோடொன்று பின்னிச் சுருண்டு கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அவரைக் குடும்பத்தில் தொட்டாற்சுருங்கி வகையறாவைச் சேர்ந்த புதர் அது. ஊர் வழக்கில் விடத்தேரை, விடத்தலை, வெடத்தலை.

பூக்கும் காலத்தில் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. ஒரே கதிரில் இரண்டு நிறம்: தொங்கும் பூங்கதிரின் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்நுனி மஞ்சள். மேலே இருப்பவை மலட்டுப் பூக்கள்; காய்ப்பவை மஞ்சள்தான். பூவும் காயும் இல்லாத நாளில் முள்ளைப் பார்க்க வேண்டும். கருவேலுக்கும் உடைக்கும் இலையடியில் இரண்டிரண்டாக முள் இருக்கும். விடத்தேரையின் முள் ஒற்றை. உண்மையில் அது ஒரு சிறு கிளையின் நுனி இறுகிக் கூரானது. சில நேரம் அந்த முள்ளிலேயே இலை துளிர்த்திருக்கும்.

சொல்லுக்கு வருவோம். விடத்தர் எப்படி விடத்தல் ஆனது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பந்தல் பந்தராகிறது, சாம்பல் சாம்பராகிறது. இறுதிப்போலி என்று பள்ளியில் படித்ததுதான். விலையை வெலை என்கிற வாய் விடத்தலையை வெடத்தலை என்கிறது. மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவில் இந்தச் சொல் லகர உருவத்தோடு ஊர்ப்பெயராகவே நிற்கிறது. விடம், அதாவது நஞ்சு, என்பதிலிருந்து பெயர் வந்ததென்று சிலர் பிரித்துக் காட்டுவார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. இதன் காயை ஆடு தேடித் தின்னும். விதை பரவுவதே அதன் வயிறு வழியாகத்தான். நஞ்சை இவ்வளவு ஆசையாகத் தின்னும் ஆடு எந்த ஊரில் இருக்கிறது?

வடமொழி வைத்திய நூல்களில் கல்லடைப்பு, நீரடைப்புக்குச் சொல்லும் வீரதராதி கணம் என்றொரு மூலிகைத் தொகுதி உண்டு. தெற்கே அதன் முதல் மூலிகையான வீரதருவை விடத்தேரை என்றே கொள்கிறார்கள். ஓசை ஒத்துப்போகிறதே என்று உடனே முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அமரகோசத்தில் வீரதரு என்பது அர்ச்சுனத்தின் பெயர்களில் ஒன்று. அர்ச்சுனம் நம் ஆற்றங்கரை மருதமரம். மருத நிலத்துக்குப் பெயர் கொடுத்த மரத்துக்கும், மருதம் அழிந்த இடத்தில் முளைக்கும் முள்ளுக்கும் ஒரே வடமொழிப் பெயர்!

பெயர்க் குழப்பத்தில் லின்னேயஸ் சளைத்தவர் அல்ல. 1753-இல் வெளியிட்ட நூலில், மூன்று பக்க இடைவெளியில், இரண்டு வேறு செடிகளுக்கு 'மிமோசா சினேரியா' என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டார். சாம்பல் நிறம் என்பது பொருள். ஒன்று விடத்தேரை. மற்றொன்று வன்னி, அரித்துவாரமங்கலத்தில் வனத்துக்குப் பெயர் தந்த அதே வன்னி. 1759-இல் வன்னியின் பெயரைச் 'சினரேரியா' என்று திருத்தினார். தாவரப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பு இன்றும் இதை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது. 1834-இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் விடத்தேரையை 'டைக்ரோஸ்டாகிஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்; இருநிறக் கதிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். வைட் கம்பெனிப் படையின் மருத்துவர், நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவர். காயைப் பார்த்தார் கண்ணனார், பூவைப் பார்த்தார்கள் இவர்கள்.

காவிரிக் கரையில் விடத்தேரைக்கு வேலை இல்லை. நீர் நிற்கும் நிலம் அதற்கு ஆகாது. நஞ்சையை விட்டு மேட்டு நிலம் ஏறினால்தான் தென்படும். ஆனால் உழவு நின்ற நிலத்தில் அது என்ன செய்யும் என்று கண்ணனார் சொன்னதைச் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு: கியூபா. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன இச்செடியை மராபு என்கிறார்கள். வெட்டினால் வேரிலிருந்து மறுபடி கிளைக்கும். 2002-இல் அந்நாடு தன் சர்க்கரை ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடியது. ஆளில்லாத கரும்பு வயல்களில் மராபு புகுந்தது. 2007 ஜூலை 26 அன்று காமகுவே நகரில் பேசிய ராவுல் காஸ்ட்ரோ, வரும் வழியெல்லாம் மராபு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று குத்தலாகச் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திருமண்டங்குடி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய பாபநாசத்து விவசாயிக்கும் தேவைப்படாது.

அந்தக் கட்டை நன்றாக எரியும் என்பதைக் கியூபாக்காரர்கள் கண்டுகொண்டு கரி சுட்டு விற்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வணிகத் தடைக்கிடையே, 2017 ஜனவரியில் கியூபாவிலிருந்து சட்டப்படி அமெரிக்கா போன முதல் சரக்கு, சர்க்கரையும் அல்ல சுருட்டும் அல்ல, விடத்தர்க் கரி.