மினமாட்டா விரிகுடாவும் உறங்கிய சட்டமும்

கடல்நீர் நஞ்சாவதற்கு மக்களின் அறியாமையையும் சட்டங்களின் போதாமையையும் காரணமாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அறிவு வளர்ந்து சட்டமும் பிறந்துவிட்டால் தீமை தானே நீங்கிவிடும் என்பது இக்கூற்றின் உட்கிடை. இது எத்துணை பொருத்தமானது என்பதை அறிய, யப்பானிய மினமாட்டாவின் வரலாற்றை நாம் சற்று ஆழமாக நோக்குதல் வேண்டும்.

கியூசூ தீவின் மேற்குக் கரையில், சிரனுயி உட்கடலை அடுத்து அமைந்த சிற்றூர் மினமாட்டா. உப்புக் காய்ச்சியும் மீன்பிடித்தும் வாழ்ந்த அவ்வூரில் 1908இல் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பின்னாளில் சிசோ என உலகறிந்த நிறுவனம் அதுவே. கழிவுநீரால் மீன்வளம் குன்றுவதாகக் கடற்றொழிலாளர் முறையிட்டபோது, 1926இல் நிறுவனம் அவர்தம் சங்கத்துக்கு 1,500 யென் அளித்தது. இனி முறையிடலாகாது என்பதே அதற்கு விதித்த நிபந்தனை. வறியவரின் வாயைச் சிறுதொகையால் அடைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

1932இல் அங்கு அசற்றல்டிகைட்டு உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதற்கு ஊக்கியாகப் பயன்பட்ட பாதரசத்தின் ஒரு பகுதி, மெதயில் பாதரசம் என்னும் கொடிய சேதனச் சேர்வையாக மாறிக் கழிவுநீருடன் விரிகுடாவிற் கலந்தது. நுண்ணுயிர்களிலிருந்து சிப்பிக்கும் மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் அந்நஞ்சு படிப்படியாகச் செறிந்து ஏறியது. 1950களில் மீன்கள் செத்து மிதந்தன; கரையோரக் குடிசைகளின் பூனைகள் வலிப்புற்றுச் சுழன்று மாண்டன. அடுத்து மனிதரின் முறை வந்தது. கைகால் மரத்து, பேச்சுக் குழறி, பார்வை குறுகி மக்கள் வீழ்ந்தனர். நாள்தோறும் மீனையே உணவாகக் கொண்ட கடற்றொழிலாளர் குடும்பங்களே முதலிற் பாதிக்கப்பட்டன. தாயின் கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை.

1956 மே 1ஆம் நாள், தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹோசொக்காவா இந்நோயை அரசுக்கு அறிவித்தார். அவ்வாண்டு முடிவதற்குள், மீன் வழியாகப் பரவும் உலோக நஞ்சே காரணமென்ற கருத்தைக் குமமோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டனர். விரிகுடா மீன்களைத் தடைசெய்யலாமா என மாகாண நிருவாகம் 1957இல் வினவியபோது, அங்குள்ள மீன்கள் யாவும் நஞ்சுற்றவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என மத்திய அமைச்சு மறுத்துவிட்டது. எல்லா மீனும் நஞ்சென நிறுவும் வரை ஏழைகள் அவற்றை உண்டுகொண்டிருக்கலாம் என்பதன்றி இதற்கு வேறு பொருள் உண்டோ?

1959 யூலையில், சேதனப் பாதரசமே காரணம் எனப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஒக்டோபரில், ஹோசொக்காவா கழிவுநீர் கலந்த உணவூட்டிய பூனையொன்றுக்கு அதே நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை மறைத்தது. நவம்பரில், அரசின் ஆலோசனைக் குழு பாதரசத்தைக் காரணமாக ஏற்றது. மறுநாளே அதன் ஆய்வுப் பிரிவு கலைக்கப்பட்டது. திசெம்பரில் நோயாளருடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இறந்தவர் ஒருவருக்கு 300,000 யென். ஆலைக் கழிவே காரணமெனப் பின்னர் தெரியவரினும் மேலும் எதுவும் கோரலாகாது!

அப்படியாயின் சட்டம் இருக்கவில்லையா? இருந்தது. நீரின் தரத்தைக் காக்கவும் ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தவும் 1958 திசெம்பரிலேயே யப்பானில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் அரசு குறித்தொதுக்கிய நீர்ப்பரப்புகளுக்கே அவை செல்லுபடியாயின. மினமாட்டாக் கடல் அவ்வாறு குறிக்கப்பட்டது 1969இல். அசற்றல்டிகைட்டு உற்பத்தி நின்று ஓராண்டு அணுகிய பின்னர்! இடைப்பட்ட காலத்தில் நஞ்சு தங்குதடையின்றிக் கடலிற் கலந்தது. 1965இல் நீகாட்டாவில், வேறொரு நிறுவனத்தின் கழிவால் அதே நோய் மீண்டும் தோன்றியது.

இங்கு நாம் ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தலாகாது. கடற்றொழிலாளர் 1959இல் கிளர்ந்தெழுந்தபோது, கழிவுநீரை நிறுத்தக்கூடாதென நகரத் தலைவரும் வணிகரும் மட்டுமன்றி ஆலைத் தொழிற்சங்கமும் மனுக் கொடுத்தது. வேலை போய்விடும் என்ற அச்சம் உழைப்பாளரை உழைப்பாளருக்கு எதிராக நிறுத்தியது. 1962-63இல் நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தத்தில் அதே நிறுவனத்தின் கொடுமையைத் தாமே நுகர்ந்த பின்னரே, அத்தொழிலாளருள் ஒரு பகுதியினர் விழிப்புற்றனர். நோயாளருக்காகப் போராடாதது தமக்கு வெட்கம் என அவர்தம் சங்கம் 1968 ஆகத்தில் வெளிப்படையாகப் பிரகடனம் செய்தது. தொழிலாளர் இயக்க வரலாற்றில் இத்தகைய தன்விமரிசனம் அரிதெனலாம்.

அடுத்த மாதம் அரசு உண்மையை ஏற்றது. 1969இல் நோயாளர் வழக்குத் தொடுத்தனர். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக 1970இல் நாடாளுமன்றம் மாசுத் தடுப்புக்கென 14 சட்டங்களை நிறைவேற்றியது. 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தின் குற்றத்தை உறுதிசெய்து, பழைய ஒப்பந்தத்தையும் செல்லாதாக்கியது. தன் கைவசமிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமை அரசின் குற்றமே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2004இல். விரிகுடாவின் நச்சுச் சேறு அகற்றப்பட்டு 58 ஹெக்டேயர் கடல் நிலமாயிற்று. பாதரசம் பற்றி 2013இல் உருவான உலக உடன்படிக்கை இன்று மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

விஞ்ஞானம் காரணத்தைக் கண்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. இரண்டுக்கும் உயிரூட்டியது, பாதிக்கப்பட்டோரின் விடாப்பிடியான போராட்டமும் அவர்களுடன் இணைந்து நின்றோரின் ஆதரவுமே. ஆகவே கடலைக் காக்கும் சட்டமொன்றைக் காணுமிடத்து, அது யாருடைய கையில் இருக்கின்றது, எந்த நீருக்கு அது செல்லும், எவர் கேட்டால் அது அசையும் என்னும் வினாக்களை எழுப்ப நம் மாணவரைப் பழக்குவோமாக.