முருங்கை மரமும் இருங்காடும்

இருங்காட்டுக்கோட்டை என்று பெயருள்ள ஊரில் கார் செய்கிறார்கள். ‘இரும்’ என்றால் பெரிய, கரிய. பெயருக்குள் ஒரு பெருங்காடு நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு பஸ்ஸில் போகிற எனக்குத் தெரிவதெல்லாம் காம்பவுண்டுச் சுவர்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் மர்மக் காட்டுக்குள் நுழைகிற கதையைத் தமிழில் தேடினால் கைக்கு அகப்படுவது என்ன?

முதலில் அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. சங்கரின் சித்திரத்தில் விக்ரமன் உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கிறான். அந்த இருட்டு பல தலைமுறைகளைப் பிடித்து ஆட்டியது. ஆனால் அது ராஜாவின் இருட்டு. குழந்தைக்கு அங்கே வேலையில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. சமஸ்கிருதக் கதையில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் அது முருங்கை ஏறிவிட்டது. கொல்லைப்புறத்தில், குழம்புக்குக் காய் பறிக்கிற மரத்தில் பேயைக் கொண்டுவந்து கட்டிய அந்த யாரோ ஒரு கதைசொல்லி நம் நாவலாசிரியர்கள் எவருக்கும் குறைந்தவனல்ல என்று எனக்குப் படுகிறது. மர்மம் தூரத்தில் இருக்கவேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பிடியை விட்டுவிட்டார்கள். கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரான பெரியசாமித் தூரன் ‘கொல்லிமலைக் குள்ளன்’ எழுதினார். ஓட்டமான கதைதான். ஆனால் சாகசம் செய்கிறவர்கள் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். மலையிலேயே பிறந்த பிள்ளைக்குக் காடு மர்மமல்ல, விறகு பொறுக்கும் இடம். அதன் பயம் வேறு மாதிரியானது. அந்தப் பயம் எழுதப்படவில்லை. சிறுபத்திரிகை விமர்சகர்களும் குழந்தை இலக்கியம் என்றால் நீதி, பொன்னாடை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023இல் பால சாகித்ய விருது பெற்றது) மர்மத்தை மண்ணுக்குள், கீழடிக்குள் கொண்டுபோனது. இது முக்கியமான நகர்வு. காடு போன பிறகும் தெரியாத இடம் ஒன்று காலடியில் மிச்சமிருக்கிறது. கீழடி என்றதும் பெருமிதம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும் அபாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன; ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. கல்லைச் செதுக்கியவன் எதிரே இருந்தது அந்த இருங்காடாக இருக்கலாம். அப்பா ஷிப்டுக்குப் போனபின் அந்தக் குழியை எட்டிப் பார்க்கிற பையனுக்கு ராஜாவும் வேண்டாம், பேராசிரியர் மாமாவும் வேண்டாம்.