பற்று நோட்டும் பிளாஸ்டிக் அட்டையும்

எங்கள் தலைமுறைக்குக் கடனே தெரியாது, எல்லாம் ரொக்கம்தான் என்று இப்போதைய பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. 1960-களில் கோவில்பட்டி மாதிரி மில் ஊர்களில் பாதிக் குடும்பங்கள் மாதம் முழுக்கக் கடனில்தான் சாப்பிட்டன. அந்தக் கடனுக்கு அட்டை கிடையாது. ஒரு நீள நோட்டு இருந்தது. அதற்குப் பற்று நோட்டு என்று பெயர்.

அந்த நோட்டு எப்படி நடந்தது, பிறகு அது எப்படிக் கிரெடிட் கார்டாக மாறியது, மாறும்போது எந்த இடத்தில் தலைகீழாகப் புரண்டது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் வயதுக்காரர்கள் பலர் கிரெடிட் கார்டில் சிக்கிக்கொள்வதற்கு நம்முடைய பழைய பழக்கமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நோட்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் மாதம் ஒருமுறை. 1936-ம் ஆண்டு வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, ஏழாம் தேதிக்குள் கூலி கொடுத்துவிட வேண்டும். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பெரிய ஆலை என்றால் பத்தாம் தேதிக்குள். ஆனால் வயிறு தேதி பார்த்துப் பசிக்காதே. துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் சீயக்காய்த்தூளும் மாதம் முழுக்க வேண்டும். அண்ணாச்சி கடையில் நோட்டை நீட்டினால் சாமான் வரும். எழுதியதை அவரும் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்வார். சம்பளத்தன்று அப்பா நேராகக் கடைக்குப் போய்க் கணக்கை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

எல்லா மாதமும் முடிக்க முடியாது. தீபாவளி மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்த மாதம் எல்லாம் துண்டு விழும். அப்போது அண்ணாச்சி, "இருக்கதைக் குடுங்க, மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்பார். மீதி 'முன்பாக்கி' என்று அடுத்த பக்கத்தில் ஏறும். அதற்கு வட்டி கிடையாது.

அண்ணாச்சி தர்மவான் என்று சொல்லவில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கும் கடையைவிட இங்கே விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். பாக்கி நிற்கும்வரை வேறு கடைக்குப் போகவும் முடியாது. அவருக்கு அதுதான் லாபம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பாக்கியை முடித்தால்தான் அவர் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க முடியும். ஆகவே பாக்கி குறைய வேண்டும் என்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. இரண்டு மாதம் முன்பாக்கி ஏறினால், "என்ன, பாக்கி கூடிக்கிட்டே போகுது?" என்று அவரே கேட்டுவிடுவார். அளவுக்கு மேல் சாமான் போடவும் மாட்டார். கடன் கொடுத்தவரே கடிவாளமும் பிடித்திருந்தார்.

வட்டிக் கடன் என்பது வேறு சங்கதி. அதற்குத் தனி ஆள், தனிப் பேச்சு. நம் ஊரில் வட்டியை வருடக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் 'ஒரு வட்டி'. மூன்று ரூபாய் என்றால் 'மூணு வட்டி'. ஒரு வட்டி நியாயம், ரெண்டு வட்டி சிரமம், மூணு வட்டி என்றால் குடும்பம் நிமிராது என்று பெண்கள் மனக்கணக்காகவே சொல்வார்கள். இந்தப் பேச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம், கார்டு பிறந்த இடம் அதுதான்.

1950-ல் நியூயார்க்கில் பிராங்க் மெக்நமாரா என்பவரும் கூட்டாளிகளும் டைனர்ஸ் கிளப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அட்டையைக் காட்டி ரசீதில் கையெழுத்துப் போட்டால் போதும். மாதக் கடைசியில் எல்லா ஓட்டல் கணக்கும் ஒரே பில்லாக வரும். அதை முழுதாகக் கட்டிவிட வேண்டும். முன்பாக்கி வைக்கும் பேச்சே இல்லை. கிளப்பின் முக்கிய வருமானம் ஓட்டல்காரரிடமிருந்து வந்தது. பில்லில் 7 சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு பற்று நோட்டுத்தான். ஒரு கடைக்குப் பதிலாகப் பல கடைகளில் செல்லும் நோட்டு.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1958 செப்டம்பரில், கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா வேறொன்றைச் செய்தது. ஊரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, தபாலில் அட்டைகளை அனுப்பியது. அதன் பெயர் பேங்க் அமெரிகார்டு. இதில் புதுமை என்னவென்றால், பில்லை முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். அப்படியே தள்ளிக்கொண்டே போகலாம்.

முதலில் அந்த வங்கிக்குக் கையைச் சுட்டது. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 22 பேர் தவறினார்கள். திருட்டும் மோசடியும் வேறு. ஆனாலும் விடவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் லாபத்துக்குத் திரும்பியது. அந்த அட்டைதான் 1976-ல் விசா என்று பெயர் மாறியது. கேட்காமல் அட்டை அனுப்புவதை அமெரிக்கா 1970-ல் சட்டம் போட்டுத் தடுத்தது.

புரட்டல் நடந்தது இங்கேதான். டைனர்ஸ் கிளப்புக்கு, பில்லை முழுதாகக் கட்டுபவர் நல்ல வாடிக்கையாளர். பிரெஸ்னோ முறையிலோ, முழுதாகக் கட்டுபவரால் வட்டி வருமானமே கிடையாது. கொஞ்சமாகக் கட்டி, கட்டாமலும் ஓடிப்போகாமல், பாக்கியைச் சுமந்துகொண்டே இருப்பவர்தான் பொன் முட்டையிடும் வாத்து. அமெரிக்கக் கார்டு வட்டாரத்தில், மாதாமாதம் முழுத்தொகையும் கட்டிவிடுபவரைக் கேலியாக 'டெட்பீட்' என்பார்களாம். கடனைக் கொடுக்காமல் ஏய்ப்பவன் என்று அதற்குப் பொருள்! நாணயமாக நடப்பவனுக்குக் கிடைத்த பட்டம் இது. அண்ணாச்சி கேட்டால் சிரித்திருப்பார்.

நம் நாட்டுக்கு முதலில் வந்தது டைனர்ஸ் கிளப்தான், 1961-ல். அது பெரிய கம்பெனி அதிகாரிகளின் சட்டைப்பையோடு நின்றுவிட்டது. 1980-ல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவும் அடுத்த ஆண்டு ஆந்திரா பேங்கும் தங்கள் கார்டுகளைக் கொண்டுவந்தன. 1990-களில் வெளிநாட்டு வங்கிகள், தனியார் வங்கிகள், 1998-ல் ஸ்டேட் வங்கியின் கார்டு கம்பெனி என்று வரிசையாக வந்தபோதுதான் நம் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. "சார், லைஃப் டைம் ஃப்ரீ" என்ற குரலைக் கேட்காதவர் உண்டா?

இப்போது பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்தத் தொகை. மற்றது குறைந்தபட்சத் தொகை. ஒரே அட்டைக்குள் டைனர்ஸ் கிளப்பும் இருக்கிறது, பிரெஸ்னோவும் இருக்கிறது. மொத்தத்தைக் கட்டினால் முதலாவது. குறைந்தபட்சம் கட்டினால் இரண்டாவது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், மனைவியின் கண் அறுவை சிகிச்சைக்கும் வேறு சில செலவுகளுக்குமாக 80,000 ரூபாய் வரை கார்டில் தேய்த்திருந்தார். ஒரு வருடம் கழித்துப் பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்டியிருக்கேன் சார், ஆனா பாக்கி குறைய மாட்டேங்குதே, வங்கிக்காரன் ஏமாத்துறானா?" என்றார். யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் பில்லில் சின்ன எழுத்தில் அச்சடித்தே இருந்தது. 'குறைந்தபட்சம்' என்பதை அவர் அண்ணாச்சியின் குரலில் படித்திருக்கிறார். இருக்கிறதைக் கொடுங்க, மிச்சத்தை அடுத்த மாசம் பார்த்துக்கிடலாம் என்று.

இருவருமாகக் கணக்குப் போட்டோம். அவருடைய கார்டில் மாதம் மூன்றரை சதவீத வட்டி. நம் பேச்சில் மூன்றரை வட்டி. 10,000 ரூபாய் பாக்கிக்கு 350 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 63 ரூபாய். ஆக 413. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 500. கட்டிய 500-ல் அசலுக்குப் போனது வெறும் 87 ரூபாய்! இந்தக் கணக்கில் 80,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 45,700 ரூபாய் கட்டியிருப்பார். அசல் குறைந்தது சுமார் 8,000.

அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பென்ஷனில் இருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்த பணம். கடைசியில் வீட்டில் இருந்த வளையல்களை வங்கியில் அடகு வைத்துக் கார்டு பாக்கி 72,000-ஐ ஒரே தவணையில் அடைத்தார். நகைக்கடனுக்கு ஒரு வட்டிக்கும் குறைவு. மாதம் 600 ரூபாய் சுமார். கார்டில் அதே தொகைக்கு வட்டியும் வரியுமாக 3,000 ரூபாயை நெருங்கும். நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று அவர் மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் மூன்றரை வட்டிக் கடன் வீட்டில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்று கணக்கைக் காட்டியதும் அவரே வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தக் கால மனக்கணக்கு இன்னும் அவரிடம் இருந்தது.

இந்த வட்டியைச் சட்டம் கேட்காதா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றைத் தடுக்க 2003-ல் ஒரு சட்டம் வந்தது. வங்கிகளுக்கோ அது பொருந்தாது. கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. கடிவாளம் நம் கையில்தான்.

இவ்வளவையும் சொன்னதால் கார்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பில் போடும் நாளை ஒட்டி, அடுத்த பில்லின் தொடக்கத்தில் வாங்கினால் 45, 50 நாள்வரை வட்டியில்லாக் கடன். ரயில் டிக்கெட், மருந்து, மின் கட்டணம் எல்லாம் அடங்கிவிடும். அதை டைனர்ஸ் கிளப்பாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வழிகள்:

பில் தொகையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுக்கும்போது, 'மொத்தத் தொகை' என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். குறைந்தபட்சத் தொகை என்று இருந்தால் உங்களை அறியாமலே பிரெஸ்னோவுக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

ஒரு மாதம் பாக்கி வைத்தால் அதோடு போகாது. அடுத்த மாதம் வாங்கும் காய்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாச் சலுகை முழுதும் கட்டுபவருக்கு மட்டுமே. துண்டு விழுந்துவிட்டால், பாக்கி அடையும்வரை கார்டை அலமாரியில் வையுங்கள்.

கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் அன்றே தொடங்கும்.

வாங்கக்கூடிய வரம்பை உங்கள் ஒரு மாதப் பென்ஷன் அளவுக்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அண்ணாச்சி செய்த வேலையை நாமே செய்துகொள்வது அது.

நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் புள்ளி கிடைக்கிறதே என்று தேவையில்லாததை வாங்கினால் 99 ரூபாய் நஷ்டம்.

ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட விதிகளும் நமக்குத் துணை. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.

உங்கள் கார்டின் வட்டி விகிதம் பில்லில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது தேடி எடுத்து, நம் பேச்சில் அது எத்தனை வட்டி என்று வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கச் சம்மதிக்கும் பெண்மணி நம் வீடுகளில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.