வாசலோடு முடியும் கணக்கு: கண்டியும் பூச்சியக் கழிவுச் சான்றிதழும்

ஒரு கட்டடமோ நகரமோ தன் குப்பையில் பெரும்பகுதியை மேட்டில் கொட்டாமல் மீள்பயன்பாட்டுக்கும் கூட்டெருவுக்கும் திருப்பிவிடுகிறது என்பதை வெளியார் ஒருவர் சரிபார்த்து உறுதிசெய்வதே பூச்சியக் கழிவுச் சான்றிதழ். அந்தச் சரிபார்ப்பு எந்த இடத்தில் நின்று நடக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமைகிறது. கண்டியில் அது கட்டடத்தின் வாசலில் நடந்தால் பயனில்லை, கொஹாகொடக் குப்பைமேட்டின் வாயிலில் நடக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று புழக்கத்திலுள்ள அளவுகோல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சர்வதேசப் பூச்சியக் கழிவுக் கூட்டணி 2004 இல் ஒரு வரைவிலக்கணத்தை ஏற்று 2018 இல் அதைத் திருத்தியது. எரிப்பதைத் தீர்வாக அது ஏற்பதில்லை. கட்டடங்களுக்கான 'ட்ரூ' சான்றிதழும் ஏறக்குறைய அதே வழியில் செல்கிறது: பன்னிரண்டு மாதச் சராசரியில் 90 வீதம் திருப்பப்பட வேண்டும், எரிப்பு கணக்கில் சேராது, பிரித்து அனுப்பும் பொருளில் கலப்படம் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. யூஎல் 2799 என்ற மற்றொன்றோ வெப்பவழி ஆற்றல் மீட்பில் ஒரு பங்கை அனுமதிக்கிறது. ஒரே ஹோட்டல் ஒன்றில் தேறி மற்றதில் தவறலாம். இலங்கையிலும் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் இயங்கத் தொடங்கியது. கொஹாகொடவுக்கும் அதுபோன்ற யோசனைகள் பல தடவை பேசப்பட்டுள்ளன. ஆகவே எந்த அளவுகோலைத் தேர்கிறோம் என்பது இங்கே ஏட்டளவு விவகாரமாக இருக்க முடியாது.

கண்டியின் புவியியல் கணக்கை மேலும் இறுக்குகிறது. மகாவலி கங்கை பேராதனையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டை வழியாக வளைந்து, நகரத்தைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டே போகிறது. கொஹாகொட அந்த ஆற்றை ஒட்டிய சரிவில் இருக்கிறது. மாநகர சபை 1960களிலிருந்து அங்கே கொட்டிவருகிறது. நாளொன்றுக்கு வந்துசேர்வது நூறு தொன்னை ஒட்டியது. மலைநாட்டு மழை அந்தக் குவியலுக்குள் இறங்கிக் கசிவுநீராக வெளியேறி ஆற்றில் கலப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார்கள். ஆற்றில் இறங்கியது கண்டியோடு நின்றுவிடுவதுமில்லை. கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்ல அணைக்கட்டு உள்ளது. 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி அங்கிருந்து சுரங்கம் வழியாக மாத்தளைப் பக்கம் திரும்பி உலர் வலய வயல்களுக்குப் போகிறது. கண்டிக் கடைத்தெருவின் குப்பைக்கு வயற்காரர்களும் பங்காளிகள். அவர்களை எந்தச் சான்றிதழ்ப் படிவமும் கேட்பதில்லை.

இந்தப் பின்னணியில் ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். சமையலறையில் மூன்று நிற வாளிகள். மிச்சச் சோறு பன்றிப் பண்ணைக்கும், காட்போட்டும் போத்தலும் பழைய சாமான் வியாபாரிக்கும் போகின்றன. இவற்றை எடைபோட்டால் 90 வீதத்தை எட்டுவது பெரிய காரியமில்லை. எஞ்சிய பத்தில் என்ன இருக்கும்? கறி ஒட்டிய பொலித்தீன், டயப்பர், பல அடுக்குப் பொதிகள்: யாரும் வாங்காதவை. ஹோட்டல் சுவரில் பட்டயம் தொங்கும், எஞ்சியது கொஹாகொடவுக்குப் போகும். விற்கக்கூடியதைத் தனியார் கொண்டுபோக, விற்க முடியாதது மாநகர சபையின் தலையில் விழுகிறது. 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து; இந்த ஏற்பாட்டில் சொத்தின் இழப்புப் பங்கு மட்டுமே சபைக்கு வாய்க்கிறது.

நகரம் முழுவதையும் அளக்கும் முறைகள் இதற்கு மேலானவை. ஐரோப்பியப் பூச்சியக் கழிவு அமைப்பு 2021 இல் தொடங்கிய நகரச் சான்றிதழ், திருப்பப்பட்ட வீதத்தோடு நில்லாமல் தலைக்கு எவ்வளவு எஞ்சுகிறது என்பதையும் பார்க்கிறது. இது நல்ல கேள்வி. ஆனால் அப்படியே கண்டிக்குக் கொண்டுவந்தால் வகுக்கும் எண் பிழையாகிவிடும். பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பஸ் நிலையம், தலதா மாளிகை என்று தினமும் உள்ளே வந்து போகும் கூட்டம் இங்கே மிகப் பெரியது. எசல பெரஹெரா நாட்களில் வீதியோரம் குந்தியிருந்து சாப்பிடுவோரை எந்தக் குடிசன மதிப்பீட்டில் சேர்ப்பது? பதிவுக் குடியிருப்பாளர் எண்ணிக்கையால் வகுத்தால் கண்டி எப்போதும் குற்றவாளி. வந்துபோவோரை மதிப்பிட்டுச் சேர்த்தால் எண்ணைப் பெருக்கித் தேறிவிடும் வசதி நிர்வாகத்துக்குக் கிடைக்கும். மேட்டு வாயிலில் எடைமேடை வைத்து, உள்ளே போகும் மொத்தத் தொன்னை ஆண்டுக்காண்டு வெளியிடுவதே ஏமாற்றக் கடினமான அளவை.

ஜப்பானின் கமிகாட்சு 2003 இல் பூச்சியக் கழிவைப் பிரகடனம் செய்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அச்சிற்றூர் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்தும் ஏறக்குறைய 80 வீதத்தில் நிற்கிறது. இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. உற்பத்தியாளர் மாறாத பொருள்களைக் குடும்பங்கள் பிரித்து மட்டும் ஒழிக்க முடியாது என்பதற்கான கணக்கு அது. நூறு தொன்னில் 90 வீதம் திரும்பினாலும் கண்டியில் நாளுக்குப் பத்துத் தொன் மிஞ்சும். ஆண்டுக்கு 3,650 தொன்.

கண்டியின் பாதை ஈரக் குப்பை வழியாகத்தான் போக முடியும். குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. கசிவுநீரும் நாற்றமும் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008 இல் 'பிலிசரு' திட்டத்தைத் தொடங்கி நாடெங்கும் கூட்டெரு நிலையங்களுக்கு உதவியது. கூட்டெருவுக்கு எஸ்எல்எஸ் 1246 என்ற இலங்கைத் தரநிர்ணயமும் 2003 இல் வந்தது. பூச்சியக் கழிவுப் பேச்சில் அதிகம் கவனிக்கப்படாத இத்தகைய உள்ளூர்த் தரநிர்ணயம் பளபளப்பான பட்டயங்களைவிடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன். கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்த எரு அதில் தேறாது. அதாவது வீட்டில் பிரித்தார்களா என்பதை வயல்காரர் பையைத் திறந்தே கண்டுகொள்வார். 2021 இல் இரசாயன உரத் தடை வந்தபோது கூட்டெருவுக்குத் திடீர்க் கேள்வி எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் தடையிலிருந்து பின்வாங்கியது. அரசாணை தந்த சந்தை அரசாணையோடு போகலாம். தரத்தால் கிடைத்த வாங்குபவர் அவ்வளவு எளிதில் போகமாட்டார்.

கலப்படம் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது காகிதத்தில் ஒரு வரி. அதை நிறைவேற்றுவது கை. கண்டியில் அந்தக் கைகளில் பல மகியாவையிலிருந்து வருகின்றன: ஆங்கிலேயர் காலத்தில் நகரத் துப்புரவுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதி அது. வீடுகள் பிரிக்காமல் கொடுப்பதை ட்ராக்டர் பெட்டியில் நின்றபடி பிரிப்பவர்கள் தொழிலாளர்களே. திருப்பல் வீதம் உயரும்போதெல்லாம் அவர்களது வேலை பெருகுகிறது, கூலி அப்படியே நிற்கலாம். கையுறை, தடுப்பூசி, நிரந்தர நியமனம், பிரித்து விற்ற பொருளில் பங்கு ஆகியவற்றைப் புள்ளியிடாத சான்றிதழ், தான் அளக்கும் வீதம் யாருடைய உழைப்பில் வந்தது என்பதை மறைக்கிறது. துறை நூல்களில் இது 'சமூக அம்சம்' என்று கடைசி அத்தியாயத்தில் வரும். கண்டியில் அது முதல் அத்தியாயத்துக்குரியது.

சிறு தொடக்கத்தையும் தடுக்கும் வாதம் இது என்று சிலர் மறுக்கலாம். ஹோட்டல்களாவது பிரிக்கட்டுமே என்பது நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஹோட்டல் சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: எஞ்சிய பத்து வீதத்தைக் கையாளும் செலவை நிறுவனம் எடையடிப்படையில் சபைக்குச் செலுத்த வேண்டும். அப்போது எஞ்சுவதைக் குறைக்கும் அக்கறை தானாக வரும்.

பழைய மேட்டையும் விடமுடியாது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். நாளையே கண்டி 90 வீதத்தை எட்டினாலும், அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குவிந்தது கொஹாகொடவில் இருக்கும், கசிவும் தொடரும். எனவே கண்டிக்கான நகரச் சான்றிதழில் மூன்று பதிவுகள் கட்டாயமாக வேண்டும்: மேட்டு வாயிலின் ஆண்டுத் தொன், எஸ்எல்எஸ் தரத்தில் தேறிய கூட்டெருவின் தொன், மேட்டுக்கு மேலும் கீழும் எடுத்த மகாவலி நீரின் பரிசோதனை முடிவு. இவற்றைச் சரிபார்க்கும் ஆய்வுகூடங்கள் அதே ஆற்றின் கரையோரத்தில், பேராதனையில் இருக்கின்றன. முடிவுகளைச் சபை மண்டபத்திலும் பொல்கொல்லைக்குக் கீழுள்ள விவசாய அமைப்புகளிடமும் ஒரே நாளில் வைக்க வேண்டும்.