லுத்தரின் மேசைப் பேச்சு

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் (1483–1546), ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசியவற்றை உடனிருந்தவர்கள் குறித்துவைத்த தொகுப்பே மேசைப் பேச்சு. ஜெர்மன் மொழியில் இதை டிஷ்ரேடன் என்பர். 1531 முதல் அவர் மறைந்த 1546 வரையிலான பேச்சுகள் இதில் உள்ளன. லுத்தர் இதை எழுதவுமில்லை, அச்சுக்குப் போகுமுன் பார்வையிடவுமில்லை.

அந்த வீடு முன்பு அகுஸ்தீன் துறவியரின் மடம். லுத்தரும் அங்கே துறவியாக இருந்தவர்தான். 1525இல் அவர் மணந்த முன்னாள் கன்னியாஸ்திரீ கத்தரீனா ஃபொன் போரா, அங்கே தோட்டம் போட்டு, மாடு வளர்த்து, பியர் காய்ச்சி, கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்தார். லுத்தர் சில நாள் வாய் திறக்காமலேயே சாப்பிடுவாராம். ஊரில் என்ன சேதி என்று அவராகக் கேட்ட பிறகே மற்றவர்கள் பேசத் தொடங்குவார்கள் என்கிறார் 1540இல் அங்கே உணவருந்திய யோகான்னஸ் மத்தேசியுஸ். முதலில் குறிப்பெடுக்கத் துணிந்தவர் கோன்ராட் கோர்டாட்டுஸ். ஃபைட் டீட்ரிக், அன்டோன் லௌட்டர்பாக் முதலியோர் தொடர்ந்தனர். இவ்வளவு பேச்சையும் இலவசமாகக் கொடுக்கலாமா என்று கத்தரீனா கணவரைக் கேட்டதும் அந்தக் குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கிறது.

விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல், நியாயப்பிரமாணத்துக்கும் சுவிசேஷத்துக்கும் உள்ள வேறுபாடு, திருவிருந்து, போப்பாண்டவர், பிசாசு, பிள்ளை வளர்ப்பு என்று பேச்சு எங்கெங்கோ போகும். இறையியல் அறிஞனை உருவாக்குவது அனுபவமே என்பது லுத்தரின் கட்சி. ஆகவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு அவர் தரும் யோசனைகள், வாதங்களைவிட எடுப்பாக நிற்கின்றன: தனியே இருக்காதே, சாப்பிடு, பாடு, நாலு பேரோடு பேசு. 1542இல் மகள் மக்தலேனா இறந்தபோது அவர் அழுததும் ஆறுதல் தேடியதும் இதில் உண்டு. யூதர்கள் போன்றோரைப் பற்றிய கடுஞ்சொற்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் படிப்பது நேர்மையாகாது.

தொகுப்பை முதலில் அச்சிட்டவர் யோகான்னஸ் ஔரிஃபாபர் (ஐஸ்லேபன், 1566). லத்தீனும் ஜெர்மனும் கலந்திருந்த குறிப்புகளை அவர் முழுக்க ஜெர்மனாக்கி, பொருள்வாரியாகப் பிரித்து, தம் கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்தார். விளைவை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். பூமிதான் சுழல்கிறது என்று சொல்லும் புதிய வானியலாளர் ஒருவரைப் பற்றி 1539இல் பேச்சு வந்தது. அவர் கோப்பர்நிக்கஸ் என்றே கருதப்படுகிறது; அவருடைய நூல் வெளிவர இன்னும் 4 ஆண்டுகள் இருந்தன. லௌட்டர்பாக்கின் நாட்குறிப்பில், புதுமை தேடும் ஆசை என்ற அளவில் லுத்தரின் கேலி நிற்கிறது. ஔரிஃபாபரின் பதிப்பிலோ அந்த வானியலாளர் ‘முட்டாள்’ ஆகிவிடுகிறார். கோப்பர்நிக்கஸை லுத்தர் முட்டாள் என்று திட்டினார் எனப் பின்னாளில் பலர் எழுதியது இந்த அச்சை நம்பித்தான்.

லுத்தரின் படைப்புகளைத் திரட்டிய வைமார் பதிப்பில் எர்ன்ஸ்ட் குரோக்கர் மூலக் குறிப்புகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று பிரித்து, 6 தொகுதிகளாகத் தந்தார் (1912–1921). அதில் 7,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. லுத்தரன் சபைகளின் விசுவாச ஆவணங்களைத் திரட்டிய 1580ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டு நூலில், லுத்தரின் சிறிய, பெரிய ஞானோபதேசங்கள் இரண்டும் இடம்பெற்றன. மேசைப் பேச்சுக்கு இடமில்லை. இதிலிருந்து மேற்கோள் காட்டுவோர் குறிப்பெடுத்தவர் யார், ஆண்டு எது என்று பார்த்துவிட்டே எடுக்க வேண்டும்.