ஜாவா தெரியும்... அடுத்து ஸ்பிரிங் பூட்டா, குவார்க்கஸா?

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதும்போது லாகின், டேட்டாபேஸ் இணைப்பு என எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுத வேண்டியதில்லை. அதற்கான ஆயத்த அடித்தளம்தான் ஃபிரேம்வொர்க். சரி, எதைப் படிக்கலாம்?

வேலை தேடுறீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், ஸ்பிரிங் பூட். இதன் முதல் பதிப்பு 2014ல் வந்தது. அதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கில் பக்கம் பக்கமாக எக்ஸ்எம்எல் எழுதணும். பூட் வந்த பிறகு அந்தத் தலைவலி பெருமளவு குறைந்தது. சர்வரும் உள்ளேயே இருக்கு. ஆனால் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், மெமரியும் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடும்.

கிளவுடில் மெமரிக்கும் காசு. மைக்ரோனாட் (2018), ரெட் ஹாட்டின் குவார்க்கஸ் (2019) இரண்டும் கைகொடுப்பது இங்கேதான். ஸ்பிரிங் ஸ்டார்ட் ஆகும்போது செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை இவை பில்ட் செய்யும்போதே முடித்துவிடும். 2022ல் வந்த ஸ்பிரிங் பூட் 3லும் நேட்டிவ் இமேஜ் வசதி இருப்பதால் இடைவெளி இப்போ குறைஞ்சிருக்கு.

பழைய ஸ்ட்ரட்ஸ்? புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடுதுன்னா அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் ஒரு தளத்தில் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் ஹேக்கர்கள் அந்த வழியாகவே புகுந்தனர். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயின.