கொன்ஸ்ரன்ஷியாவின் முந்திரிகையும் கண்டி அரசனின் படையும்

கேப்டவுன் நகருக்குச் செல்வோருக்கு வழிகாட்டிகள் ஒப்புவிக்கும் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். 1086 மீற்றர் உயரமான மேசை மலை, 1929 முதல் அதன் உச்சிக்கு ஆட்களை ஏற்றும் கம்பிவட வண்டி, நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்த றொபன் தீவு. மறுநாள் ஸ்ரெலன்பொஸ், பிரான்ஷூக் பக்கம் போய் மது சுவைத்தல். இவற்றில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் என்னை மறித்து நிறுத்தியது நகரின் நடுவே நிற்கும் ஒல்லாந்தர் கோட்டைதான்.

1666 இல் தொடங்கி 1679 இல் முடிக்கப்பட்ட ஐங்கோணக் கோட்டை அது. யாழ்ப்பாணத்தானுக்கு அந்த வடிவம் புதிதல்ல. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பறித்த அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிதான், நமது பண்ணைக் கரையிலும் ஐங்கோணத்தை எழுப்பியது. அங்குள்ளது சிதையாமல் நிற்கிறது. இங்குள்ளது 1990 முற்றுகையில் என்னவானது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1652 இல் யான் வான் ரீபெக் கேப் முனையில் இறங்கியது, கீழைத்தேயம் செல்லும் கப்பல்களுக்கு மரக்கறியும் நன்னீரும் தேடித்தான். திராட்சையை, நம்மவர் வழக்கில் முந்திரிகையை, நட்டவரும் அவரே. 1659 பெப்ரவரி 2 ஆம் திகதி முதல் மது பிழியப்பட்டது.

அதைப் பெரும் தொழிலாக்கியவர் சைமன் வான் டெர் ஸ்டெல். ஸ்ரெலன்பொஸ் ஊர் 1679 இல் அவர் பெயரால் எழுந்தது. 1685 இல் கொன்ஸ்ரன்ஷியா நிலம் அவருக்குக் கிடைத்தது. அந்தத் தோட்டத்தின் இனிப்பு மதுவைப் பிற்காலத்தில் சென் ஹெலனா தீவில் சிறையிருந்த நெப்போலியன் விரும்பி அருந்தினான் என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது ஒன்றுண்டு. சைமனின் தந்தை அட்ரியான் வான் டெர் ஸ்டெல், மொறீசியசில் தளபதியாக இருந்தபின் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர். 1646 இல் இரண்டாம் இராசசிங்கனின் படையினர் அவரைக் கொன்றனர். அப்போது மகனுக்கு வயது ஆறேழுதான் இருக்கும். பாடசாலையில் இராசசிங்கனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்தச் சிறுவனைப் பற்றி எவரும் எமக்குச் சொல்லவில்லை.

தோட்டங்களில் வேலை செய்தோர் யார் என்பது அடுத்த கேள்வி. 1808 வரையில் ஏறத்தாழ 63,000 அடிமைகள் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். மடகஸ்கார், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் மாத்திரமல்ல, வங்காளம், சோழமண்டலக் கரை, மலபார், இலங்கை ஆகிய இடங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். சொந்தப் பெயரை அழித்து, 'வான் சிலோன்' என்று ஊர்ப்பெயரை ஒட்டி எழுதிக்கொண்டது கொம்பனி. 1834 இல் அடிமை முறை ஒழிந்தாலும், 1838 வரை 'பயிலுநர்' என்ற பெயரில் அவர்கள் பழைய எசமானர்களிடமே கட்டுண்டு கிடந்தனர். கூலியின் ஒரு பங்கை மதுவாகக் கொடுக்கும் 'டொப்' வழக்கமோ இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்ததாகப் பதிவான இடங்களுள் இந்த மாநிலத்து முந்திரிகை ஊர்களும் அடங்கும்.

கொம்பனித் தோட்டத்தின் வாசலில், 1679 இல் கட்டப்பட்ட அடிமைகள் விடுதி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வெளிச்சுவரில் சன்னல்களுக்குப் பதில் குறுகிய துவாரங்களே அன்றிருந்தன. இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். நான் போன காலைப்பொழுதில் உள்ளே ஆறேழு பேர் இருந்தோம். வெளியே கொன்ஸ்ரன்ஷியாவுக்குப் போகும் பஸ் நிறைந்திருந்தது.